போட்டோ பெட்டிக்குச் சர்டிபிகேட்

மாமா: செந்தில், வீட்டுப் படங்களைச் சேர்த்து வைக்கும் நம் போட்டோ பெட்டியை பிரவுசரில் திறந்தால் மேலே 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது. நேற்றுதான் தாத்தா பாட்டி சதாபிஷேகப் படங்களை ஏற்றினேன். வெளியே போய்விடுமா?

செந்தில்: போகாது மாமா. வெளியிலிருந்து பெட்டிக்கு வர ரவுட்டரில் வழியே வைக்கவில்லை. ஆனால் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறை இல்லை, அதனால் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகிறது. அந்த முறைக்கு, இது நம் பெட்டிதான் என்று காட்டும் சர்டிபிகேட் வேண்டும்.

அத்தை: வைஃபைக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே, அது போதாதா?

செந்தில்: அதை மாடியில் குடியிருப்பவர்களுக்கும் கொடுத்திருக்கிறோமே அத்தை. நம் ரவுட்டரில் இருப்பது டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்தவர், உங்கள் போன் இணையும் நொடியைப் பிடித்துவிட்டால் அது அனுப்புவதைப் படிக்கலாம். அவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் வைரஸ் புகுந்த லேப்டாப் ஒன்று அங்கே இருந்தால் போதும்.

மாமா: சர்டிபிகேட்டை நாமே செய்துகொள்ளலாமாமே? ஆபீஸ் பையன் பத்து நிமிட வேலை என்றான்.

செந்தில்: அதற்கு எல்லார் போனிலும் நம் ரூட் சர்டிபிகேட்டை, அதாவது நாம் செய்யும் சர்டிபிகேட்டையெல்லாம் நம்பு என்று போனுக்குச் சொல்லும் தாய்ச் சர்டிபிகேட்டை, ஏற்ற வேண்டும். அதன் சாவி யார் கையிலாவது சிக்கினால், பேங்க் தளத்துக்கே போலி சர்டிபிகேட் செய்து நம் போனை ஏமாற்றலாம். பாட்டி போனில் அதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

மாலா அக்கா: எதுவும் ஏற்றாமல், எச்சரிக்கை வந்தால் 'தொடரவும்' அழுத்திவிட்டுப் போனால்?

செந்தில்: வேண்டாம் அக்கா. பாட்டிக்கு அது பழகிவிட்டால் பேங்க் பக்கத்திலும் அதையேதான் அழுத்துவார்கள்.

அத்தை: அப்புறம் என்னதான் வழி?

செந்தில்: சொந்தமாக ஒரு டொமைன், அதாவது இணையப் பெயர், வாங்குவோம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு, போன்கள் ஏற்கெனவே நம்பும் சர்டிபிகேட்டை இலவசமாகவே தருகிறது. டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது அந்தப் பெயருக்கான முகவரிப் பதிவில், அவர்கள் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தால், அது நம்முடையதுதான் என்று ஒப்புக்கொள்வார்கள். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், போனில் எதையும் ஏற்ற வேண்டாம்.

செந்தில்: அந்தச் சர்டிபிகேட் அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். அதற்குள் பெட்டியே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடுகிறேன்.

மாலா அக்கா: டொமைனைத் தாத்தா பெயரில் வாங்கலாமா?

செந்தில்: தாராளமாக. ஒன்று மட்டும், சர்டிபிகேட் வாங்கும் பெயரெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் பார்க்கலாம். 'கேமரா', 'போட்டோ' என்று தனித்தனியாக வாங்கினால் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வைல்ட்கார்டு என்ற பொதுச் சர்டிபிகேட் ஒன்று வாங்குகிறேன்.

மாமா: சரி, ஞாயிற்றுக்கிழமை வா. அதுவரை பெட்டிக்குள் போகமாட்டேன். பேங்க்குக்கும் அதே பாஸ்வேர்டுதான் வைத்திருக்கிறேன்.

செந்தில்: மாமா, ஞாயிறு வரை வேண்டாம். பேங்க் பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள், நான் போன் செய்கிறேன்.