டீஃபால்ட் ஃபங்ஷன் குடுத்தும் ஜேசன்ல கீ எல்லாம் காணாம போகுது (பைத்தான்)

ராக்கோழி:
மாமாவோட மளிகைக் கடைக்கு சின்னதா ஒரு பில்லிங் எழுதிட்டிருக்கேன், பில்லை ஜேசனாக்கி (JSON, டேட்டாவை டெக்ஸ்ட்டா அனுப்புற வடிவம்) மொபைல் ஆப்புக்கு அனுப்பணும். முதல்ல டெசிமலுக்கும் (துல்லியமான தசம எண்) டேட்டுக்கும் டைப்எரர் (இந்த டைப் ஆகாதுங்கற எரர்) அடிச்சுது, சரின்னு டம்ப்ஸ்க்கு (json.dumps, ஜேசனாக்குற ஃபங்ஷன்) டீஃபால்ட்னு ஒரு ஃபங்ஷன் எழுதி குடுத்தேன், டெசிமல்னா ஃப்ளோட் (தோராயமா வைக்குற தசம எண்), டேட்னா ஐசோஃபார்மட் (தேதிய ஸ்டிரிங்காக்கறது), நேம்ட்டப்பிள்னா (ஒவ்வொரு மதிப்புக்கும் பேரு வச்ச டப்பிள்) டிக்ட் (கீ-மதிப்பு ஜோடிகள்). முதல் ரெண்டும் ஓடுது, ஆனா ஒவ்வொரு ஐட்டமும் (அது நேம்ட்டப்பிள்) வெறும் லிஸ்ட்டா போய் விழுது, பேரு, விலைன்னு கீயே இல்ல. உள்ள பிரின்ட் போட்டுப் பாத்தா அதுக்கு ஃபங்ஷனே கூப்பிடல. ராத்திரி 2 மணி வரை இதுலயே உக்காந்தாச்சு, யாராவது சொல்லுங்கப்பா.

மொட்டைமாடி_கோடர்:
கூப்பிடாது ப்ரோ. டீஃபால்ட்ங்கறது ஜேசன் மாட்யூல் "இது என்னன்னு எனக்குத் தெரியலயே"ன்னு கைய விரிக்கும்போது மட்டும் வர்ற ஆளு. நேம்ட்டப்பிள் அதுக்குத் தெரிஞ்ச டப்பிளோட புள்ளதான் (சப்கிளாஸ்), அதனால கேக்காமலே லிஸ்ட்டாக்கிடும். ஜேசன்என்கோடரை (டம்ப்ஸ் உள்ள வேலை செய்யுற கிளாஸ்) சப்கிளாஸ் பண்ணி டீஃபால்ட் மெத்தட் எழுதினாலும் இதே கதைதான். டேட்டாகிளாஸுக்கு (டேட்டா வைக்கவே இருக்குற கிளாஸ்) மாறிடுங்க, பைத்தான் 3.7லேர்ந்தே இருக்கு, அது ஜேசனுக்குத் தெரியாத டைப், அதனால கண்டிப்பா உங்க ஃபங்ஷனுக்கு வரும், அங்க ஆஸ்டிக்ட் (asdict, டேட்டாகிளாஸை டிக்ட்டாக்கும்) போட்டா முடிஞ்சுது.

பழைய_கீபோர்ட்:
அதை விடுங்க, காசை ஃப்ளோட்டாக்குறீங்களே அதான் எனக்கு வயித்தக் கலக்குது. 149.90ங்கறது 149.9 ஆயிடும், அது கூட பரவால்ல, ஆப் பக்கம் பத்து ஐட்டம் கூட்டினா பைசா ஒதைக்கும், 0.1 + 0.2 போட்டுப் பாருங்க தெரியும். ஸ்டிரிங்கா அனுப்புங்க, இல்லன்னா பைசாவா மாத்தி முழு எண்ணா, 14990னு. நான் எப்பவும் பைசாதான். இன்னொண்ணு, தேதிய டிக்ட்ல கீயா வச்சிருந்தா டீஃபால்ட் அதுக்கும் வராது, டைப்எரர்தான். டம்ப்ஸ்ல ஸ்கிப்கீஸ் ட்ரூன்னு (skipkeys=True) போட்டு தப்பிக்கப் பாக்காதீங்க, அந்த கீயையும் அதோட மதிப்பையும் சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும்.

ராக்கோழி:
டேட்டாகிளாஸ் ஆக்கினேன், கீ எல்லாம் வந்துடுச்சு, காசும் ஸ்டிரிங் ஆக்கிட்டேன் அண்ணே. ஆனா இப்ப கஸ்டமர் மட்டும் "நல்"னு (null, அதாவது காலி) வருது, எரரும் இல்ல. அப்புறம் "கடலை மிட்டாய்" பூரா பேக்ஸ்லாஷ் யூன்னு நம்பர் நம்பரா வருது.

மொட்டைமாடி_கோடர்:
கஸ்டமர் நீங்களே எழுதின கிளாஸ் தானே, டேட்டாகிளாஸ் ஆக்கலயே? ஃபங்ஷன் கடைசில ரெய்ஸ் டைப்எரர் (நாமளே எரர் கிளப்புற வரி) போடாம விட்டிருப்பீங்க. எந்த இஃப்லயும் மாட்டாதது "நன்" (None, பைத்தானோட காலி மதிப்பு) ஆ திரும்பி வரும், அது ஜேசன்ல "நல்" ஆயிடும், எரரே காட்டாது. தமிழுக்கு டம்ப்ஸ்ல என்ஷூர்ஆஸ்கி ஃபால்ஸ் (ensure_ascii=False) குடுங்க, எழுத்து அப்படியே வரும். இப்ப வர்றதும் தப்பில்ல, ஆப் சரியாத்தான் படிக்கும், என்ன, யுடிஎஃப்-8ல (எழுத்துகளை பைட்டாக்குற முறை) 3 பைட் எடுக்குற எழுத்து 6 பைட் எடுக்கும். ஃபைல்ல எழுதினா ஓப்பன்லயும் என்கோடிங் யுடிஎஃப்-8 குடுத்துடுங்க, விண்டோஸ்ல இல்லன்னா அடி வாங்குவீங்க.

ராக்கோழி:
ரெய்ஸ் தான் இல்ல 🤦 போட்டதும் கஸ்டமர்ல டைப்எரர் வந்துடுச்சு, இவ்ளோ சந்தோஷமா நான் எரரைப் பாத்ததே இல்ல.