புதுப்பிப்பு: 6 வயது மகளுக்குக் கராத்தேயா, ஜூடோவா?

மகளைக் கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ மூன்றில் எதில் சேர்ப்பது என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கலையை விடுங்கள், முதலில் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பார்த்த கராத்தே வகுப்பில் பிள்ளைகள் பாதி நேரம் வரிசையில் காத்து நின்றார்கள். ஜூடோ வகுப்பில் ஆசிரியர் குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசினார். அங்கேயே சேர்த்துவிட்டோம்.

முதல் மாதம் முழுக்க உகேமி, அதாவது அடிபடாமல் விழும் பயிற்சி மட்டும்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை ஓங்கித் தட்ட வேண்டும். போன வாரம் ஈரத்தரையில் வழுக்கி மல்லாக்க விழுந்தவள் அப்படியே தாடையை ஒடுக்கிக்கொண்டாள். பின்மண்டை தரையில் படவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: பயிற்சியில் யாராவது சட்டையைப் பிடித்தாலே முதல் இரண்டு வாரம் அழுதாள். அவள் எடைக்குச் சமமான ஒரே பிள்ளையை எப்போதும் ஜோடியாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம், கழுத்தை நெரிக்கும் பிடிகளைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவார்களா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். கற்றுத்தருவோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.