மறு: ஆக்டேன் எண், நாக்கிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெட்ரோல் எஞ்சினுக்குள் கலவை தவறாகத் தானே பற்றித் தட்டுவதை நாக்கிங் என்கிறார்கள். அதற்கும், பெட்ரோல் அதை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஆக்டேன் எண்ணுக்கும் நீங்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களுக்கு என் பதில்.

> நாக்கிங் என்பதற்குத் ‘தட்டல்’ போதும். சத்தம்தானே அடையாளம்?

அடையாளம் சத்தம்தான். ஆனால் தேய்ந்த பேரிங்கும் தட்டும், வால்வைத் தள்ளும் டாப்பெட்டும் இடைவெளி கூடிப்போனால் தட்டும். பெட்ரோலை மாற்றினால் நிற்கிற தட்டல் வேறு, எஞ்சினைப் பிரித்தால்தான் நிற்கிற தட்டல் வேறு. சிலிண்டரின் மூடியான ஹெட்டைச் சீவி, இறுக்க விகிதத்தை (கம்ப்ரெஷன் ரேஷியோ: பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு நெரிக்கப்படுகிறது என்பது) 10:1-லிருந்து 12:1-க்கு ஏற்றியவருக்கு இந்த வேறுபாடு உயிர்நிலை. அவர் படிக்கிற கட்டுரையில் இரண்டும் ஒரே சொல்லாக இருக்கக் கூடாது.

(‘அமுக்க விகிதம்’ என்று எழுதாமல் ‘இறுக்க விகிதம்’ என்கிறேன். இலங்கையில் ‘அமுக்கம்’ என்றாலே பிரஷர்தான். தாழமுக்கம், வளியமுக்கம் எல்லாம் அப்படி வந்தவை. எதற்கு வீண் குழப்பம்?)

> ‘முன்பற்றல்’ என்று போட்டுவிடலாமா?

கூடாது. அது வேறொரு நோயின் பெயர். பிளக் பொறி விடுவதற்கு முன்பே, கனன்றுகொண்டிருக்கும் கரிப்படிவோ சூடேறிய பிளக் முனையோ கலவையைப் பற்றவைத்துவிடுவதுதான் முன்பற்றல். நாம் பேசுவது பொறி விட்ட பிறகு நடப்பது. சுடர் ஒரு பக்கமிருந்து பரவி வருகிறது. எரிந்த பகுதி விரிந்து, மூலையில் இன்னும் எரியாமல் கிடக்கும் கலவையை நெரிக்கிறது. அந்தக் கலவை சூடேறி, சுடர் வந்து சேருமுன் தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. எழும் அழுத்த அலை அறைச்சுவர்களுக்கிடையே மோதி மோதித் திரும்புகிறது. சாதாரணக் கார் எஞ்சினில் இந்த அதிர்வு 6 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும்; சிலிண்டர் விட்டம் பெருத்தால் குறையும். எஞ்சினில் திருகியிருக்கும் உணரி (சென்சார்) காத்திருப்பது இந்த அதிர்வுக்குத்தான். முன்பற்றலுக்கு எதிர்ச்சொல்லாகப் ‘பின்பற்றல்’ என்று வைத்திருக்கலாம், அதற்கு வேறு பொருள் ஏற்கெனவே இருந்து தொலைக்கிறது!

ஆகவே நாக்கிங்குக்கு என் முன்மொழிவு: அதிரெரிவு. அதிர்வேட்டு தெரிந்த காதுக்கு இது அந்நியமாகப் படாது. பொதுவான சத்தத்துக்குத் ‘தட்டல்’ இருக்கட்டும்.

> ஆக்டேன் எண்ணை ‘ஆற்றல் எண்’ எனலாம்.

இதைத்தான் முதலில் தடுக்க வேண்டும். எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்ற நம்பிக்கைக்கு நாமே முத்திரை குத்துவதாக ஆகிவிடும். எத்தனாலின் ஆக்டேன் எண் சாதாரண பெட்ரோலைவிட நன்றாகவே கூடுதல். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் சொல்வது ஒன்றைத்தான்: நெரித்தும் சூடாக்கியும் தானாகப் பற்றாமல் எதுவரை தாங்கும் என்பதை. எஞ்சின் அதிரெரிவே காட்டாதபோது மேலும் உயர்ந்த எண் ஊற்றுவதால் ஒரு குதிரைத்திறனும் கூடாது. இறுக்கம் ஏற்றிய எஞ்சினில் பலன் தெரிவதற்குக் காரணம், பொறியை முந்தி விட அந்தப் பெட்ரோல் இடம் கொடுப்பதுதான்.

‘ஆக்டேன்’ என்ற பெயரே அரைகுறை. அளவுகோலில் 100 என்று வைத்திருப்பது கிளைத்த சங்கிலி கொண்ட ஐசோ-ஆக்டேனை, 0 என்று வைத்திருப்பது என்-ஹெப்டேனை. நேர்ச்சங்கிலி ஆக்டேனை அதே கோலில் அளந்தால் சுழிக்கும் கீழே போகிறது! எனவே ஆக்டேன் எண்ணுக்குத் தாங்கெண். டீசலின் சீட்டேன் எண் இதற்கு நேர்மாறு, எவ்வளவு சுளுவாகத் தானே பற்றும் என்பது, அது பற்றெண். இரண்டும் ஜோடியாக நிற்கும்.

இனி ஆக்டேன் எண்ணை அளக்கும் இரண்டு முறைகள்: ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்), எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்). இவற்றை ‘ஆராய்ச்சி எண்’, ‘மோட்டார் எண்’ என்று பெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. முதலாவதை எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுழற்சியில் ஓட, உள்ளிழுக்கும் காற்றை 52 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து அளக்கிறார்கள். இரண்டாவதற்கு 900 சுழற்சி, கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கிவிடுகிறார்கள். அதனால் தண்முறைத் தாங்கெண், வெம்முறைத் தாங்கெண். அமெரிக்க பங்க்குகளில் ஒட்டியிருப்பது இரண்டின் சராசரி. ஐரோப்பாவில் தண்முறை எண். அமெரிக்காவில் 91, ஐரோப்பாவில் 95 என்று பார்த்துப் பதற வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒரே தரம்தான்.

* * *

மடலுக்கு நன்றி ஐயா. ‘அதிரெரிவு’ பிடித்திருக்கிறது. ‘தாங்கெண்’ மட்டும் உறுத்துகிறது. கட்டடக்காரர்கள் மண்ணின் தாங்குதிறன் என்கிறார்களே, கலந்துவிடாதா? இன்னொன்று: வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் நீளமான கேம் போட்டவர்கள், இறுக்க விகிதத்தைப் பற்றி ‘காகிதத்தில் 12 இருந்தாலும் உள்ளே 9 கூட இல்லை’ என்பார்கள். அதற்கென்ன சொல்?

* * *

திறன் வேறு, எண் வேறு. மண்ணையும் பெட்ரோலையும் யாரும் குழப்பமாட்டார்கள். தாங்கெண் இருக்கட்டும் அம்மா.

கேம் பற்றி நல்ல கேள்வி. உள்வால்வு தாமதமாக மூடினால், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் கலவை வெளியே நழுவும். வால்வு மூடிய பிறகுதான் இறுக்கமே தொடங்குகிறது. அதனால் வடிவளவில் கணக்கிட்டதை வரை இறுக்கம் என்றும், வால்வு மூடும் இடத்திலிருந்து கணக்கிட்டதை மெய் இறுக்கம் என்றும் சொல்லிப் பார்க்கலாம். 12 என்ற வரை இறுக்கத்தை மட்டும் பார்த்து எரிபொருள் தேர்வதால்தான் இத்தனை வாக்குவாதம். மெய் இறுக்கம், டர்போ இருந்தால் அதன் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு, பொறியின் முந்தல் எல்லாம் சேர்ந்துதான் எஞ்சின் கேட்கும் தாங்கெண்ணைத் தீர்மானிக்கின்றன. முதலில் உயர்ந்த தாங்கெண் பெட்ரோல், பிந்திய பொறி. பிறகு முழுச் சுமையில் உணரியின் பதிவைப் பார்த்துக்கொண்டே பொறியை ஒவ்வொரு பாகையாக (கிராங்க் சுழலும் கோணத்தில்) முந்தலாம். அதிரெரிவு தலைகாட்டினால் இரண்டு பாகை பின்வாங்கிவிடுவது நல்லது. சூடான நாளில் மறுபடி பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

‘ஸ்குவிஷ்’ இன்னும் பாக்கி. பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சந்து. கலவையை நடுப்பக்கம் பிதுக்கித் தள்ளி அதிரெரிவைக் குறைப்பது. ‘பிதுக்கிடை’ சரிப்படுமா, அல்லது யாரிடமாவது இதைவிட நல்லதாக இருக்கிறதா?