கம்பம்மெட்டு அடிவாரம்: புளியமர வளைவுல வேகத்தடை போடலாமா?

அடிவாரத்தான்:
கம்பத்துலருந்து மேற்கே மலையடிவாரம் போற ஊராட்சி ஒன்றியச் சாலை. 3.75 மீட்டர் அகலம், ஒத்தை வழி. விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திப் போற ஜீப்பெல்லாம் சாயங்காலம் இதே வழியாத்தான் இறங்குது. வாய்க்கால் பாலத்தை ஒட்டி ஒரு வளைவு. உள்பக்கம் ரெண்டு புளியமரம், நடுவுல சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. எதிர்ல வர்ற வண்டி கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. ஊர்ல பணம் பிரிச்சு வளைவு நடுவுல வேகத்தடையும் ஒரு குவியாடியும் வைக்கலாம்னு பேச்சு. அளவு சொல்லுங்க.

கயிறும்_டேப்பும்:
தம்பி, பணம் பிரிக்கிறதுக்கு முன்னாடி மூணு அளவு எடுங்க. 20 மீட்டர் கயிறு, டேப்பு, ரசமட்டம் போதும்.

1) வளைவோட வெளி ஓரத்துல கயிறோட ரெண்டு முனையையும் வச்சு இழுத்துப் பிடிங்க. கயிறு நடுவுலருந்து ரோட்டு ஓரம் வரைக்கும் எவ்வளவுன்னு அளங்க.
2) ரோட்டுக்குக் குறுக்கே நேர்கட்டை போட்டு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்குன்னு பாருங்க. வளைவுல வெளிப்பக்கம் உசந்திருக்கணும்.
3) 15 செ.மீ. உயரக் கல்லு ஒண்ணை ரோட்டுல வைங்க. கண்ணு தரையிலருந்து 1.2 மீட்டர்ல இருக்கற மாதிரி குனிஞ்சு பின்னாலயே போங்க. கல்லு எங்க மறையுதோ அதுவரைக்கும்தான் பார்வைத் தூரம்.

மூணாவதை ஆள் நிக்காம செய்யாதீங்க. ரெண்டு பக்கமும் சிவப்புத் துணியோட ஆள் வேணும்.

அடிவாரத்தான்:
அளந்தாச்சு அண்ணே. கயிறு நடுவுல 95 செ.மீ. வெளிப்பக்கம் உசரவே இல்ல, 4 செ.மீ. தாழ்ந்திருக்கு. கல்லு 38 மீட்டர்ல மறையுது.

கயிறும்_டேப்பும்:
அப்ப ஆரம் சுமார் 53 மீட்டர் (கயிறு நீளத்தோட வர்க்கத்தை நடு அளவின் எட்டு மடங்கால வகுத்து, நடு அளவுல பாதியைக் கூட்டணும்). வெளிப்பக்கம் 7 சதவீதம் உசந்திருந்தா 38 கி.மீ. வேகம் தாங்கும். உங்க ரோட்டுல சரிவு தலைகீழா கிடக்கு, அதனால 30 கி.மீ.தான். மேல மேல தார் போடறப்ப வெளி ஓரத்தை ஏத்தாம விட்டுட்டாங்க. பைக்கு வாய்க்கால் பக்கம் இழுக்குதுன்னா பாதி காரணம் இதுதான்.

பார்வைத் தூரம் இதைவிட மோசம். 30 கி.மீ. வேகத்துல நிக்க 30 மீட்டர் வேணும். ஒத்தை வழி ரோட்டுல எதிர் வண்டியும் நிக்கணும், ஆக 60. இருக்கறது 38. அதைப் பாதியாக்கினா ஆளுக்கு 19 மீட்டர், 20 கி.மீ. வேகத்துக்கு மேல தாங்காது.

முதல்ல புதரை வேரோட எடுங்க. சீமைக்கருவேலத்தை வெறுமனே வெட்டிவிட்டா அடுத்த மழைக்கே துளுத்துரும். புளியமரத்துல ரெண்டு மீட்டர் உயரம் வரைக்கும் தாழ்ந்த கிளையைக் கழிச்சா போதும், அடிமரம் மட்டும் பெருசா மறைக்காது. ரோட்டோர மரம் அரசுக்குச் சொந்தம், கிளை கழிக்கவும் எழுத்துல அனுமதி வாங்குங்க.

மட்டப்பலகை:
வேகத்தடை வளைவுக்குள்ள வேண்டவே வேண்டாம். சாய்ஞ்சு திரும்பற பைக்கோட சக்கரம் தரையை விட்டா பிடி போச்சு. வளைவுக்கு முன்னாடி நேர் பகுதியில, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. அதுக்கு 40 மீட்டர் முன்னால எச்சரிக்கைப் பலகை, தடை மேல கறுப்பு-வெள்ளைப் பட்டை.

ஊர்ல ராவோட ராவா கொட்டற தடை அரை மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம். அது வேகத்தடை இல்ல, குட்டிச்சுவர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரம் வகுக்கற பொறியாளர் அமைப்பு) 1988ல சொன்ன அளவு: 25 கி.மீ. வேகத்துக்கு ரோட்டு நீளவாக்குல 3.7 மீட்டர், நடுவுல 10 செ.மீ. உயரம். ஒட்டுப்பலகையில அச்சு வெட்டிக்குங்க: நடுவுல 10, அரை மீட்டர் தள்ளி 9.3, ஒரு மீட்டர்ல 7.1, ஒன்றரையில 3.4, 1.85ல பூஜ்யம். தார் உருட்டறப்ப அச்சை வச்சு வச்சுப் பாக்கணும், இல்லன்னா மேஸ்திரி கண்ணளவுல கூம்பாக்கிருவாரு. ஓரத்துல பைக் நுழையற சந்து விடாதீங்க, அத்தனை பேரும் மண்ணுல இறங்கித்தான் போவாங்க. மழைத்தண்ணி தேங்காம வழி மட்டும் விடுங்க.

ஊராட்சியே தன்னிச்சையா போடக்கூடாது, ரோடு யார் பேர்ல இருக்கோ அவங்க அனுமதி வேணும்.

குவியாடி கடைசி. அதுல எதிர் வண்டி நிஜத்தைவிடத் தூரத்துல இருக்கற மாதிரி தெரியும், சாரல் காலத்துல பனி படிஞ்சு ஒண்ணுமே தெரியாது. அந்தக் காசுக்கு வளைவு வெளிப்பக்கம் ஒளிரும் அம்புக்குறிப் பலகை வாங்குங்க. எங்கிருந்து பார்த்தாலும் ரெண்டு மூணாவது சேர்ந்து கண்ணுல படணும். பாலத்துக் கைப்பிடிச் சுவர் நாலு முனையிலயும் ஒளிரும் பட்டைப் பலகை கட்டாயம்.

பாலம்_தாண்டி:
தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள பள்ளத்தை யாரும் சொல்லல. இறங்குன பைக்கு மறுபடி ஏற, ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி ஒரே எட்டுல எதிர்ப்பக்கம் போயிரும். கிராவல் போட்டு நனைச்சு உருட்டி, தார் மட்டத்துக்குக் கொண்டு வாங்க. வெறும் செம்மண்ணைத் தட்டினா ஜூன் சாரல்லயே கரைஞ்சிரும்.

மனு எழுதறப்ப "அடிக்கடி விபத்து"ன்னு எழுதாதீங்க. சுமார் 500 மீட்டருக்குள்ள மூணு வருஷத்துல அஞ்சு கொடுங்காய, மரண விபத்து, இல்லன்னா பத்து சாவு இருந்தாத்தான் விபத்துக் கரும்புள்ளின்னு எடுப்பாங்க. முதல் தகவல் அறிக்கை எண், தேதி, உங்க அளவு, காலை மாலை போட்டோ எல்லாத்தையும் கோத்து, கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுங்க. மெட்டுக்கு அந்தப்பக்கம் நடந்த கேஸைச் சேர்க்காதீங்க. அது கேரளா ஸ்டேஷன் கணக்கு, இங்க கழிச்சிருவாங்க.

ஜீப் டிரைவர்கிட்டயும் பேசுங்க. மலை இறங்கறப்ப நியூட்ரல்ல விட்டு பிரேக்கையே மிதிச்சு வந்தா, பிரேக் டிரம் சூடேறி அடிவாரத்துல மிதிச்சாலும் பிடிக்காது. உங்க வளைவு அங்கதான் இருக்கு. ஏறின கியர்லயே இறங்கச் சொல்லுங்க.

அடிவாரத்தான்:
வெளிப்பக்கத்தை ஏத்தறதுக்கு ஊர்க் காசு பத்தாதே அண்ணே?

கயிறும்_டேப்பும்:
அதை ஊர் செய்யவே வேண்டாம். அடுத்த தடவை தார் போடற மதிப்பீட்டுலயே வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 26 செ.மீ. உசரம்னு எழுதச் சொல்லிக் கேளுங்க. புதரும் கிராவலும் இந்த வாரமே ஆகும்.