பூர்வீக வீட்டுப் பாகம்: மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு அப்பீல் போகலாமா?

கேள்வி:
காரைக்குடிப் பக்கம் எங்கள் பாட்டையா 1920களில் கட்டிய வீடு. அப்பச்சி (அப்பா) 2001இல் தவறிவிட்டார்கள், ஆத்தாவும் இல்லை. வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஆளுக்கொரு இரட்டை வீடு (ஒன்றுக்குள் ஒன்றான இரண்டு அறைகள்) என்று அண்ணனும் நானும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம், பத்திரம் போடவில்லை. 1985இல் கட்டிக்கொடுத்த ஆச்சி (அக்கா) இப்போது மூன்றில் ஒரு பாகம் கேட்டு, சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் இரண்டிலும் ஜெயித்துவிட்டார்கள். மேலே போனால் மாறுமா?

பதில் 1:
90 நாளுக்குள் போடலாம், ஆனால் இரண்டாவது மேல்முறையீட்டில் சாட்சியை மறுபடி அலச மாட்டார்கள், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை என்று வினீதா சர்மா வழக்கில் 2020லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. வாய்ப்பேச்சுக்கு எழுத்து ஆதாரம் கேட்பார்கள்.

பதில் 2:
அண்ணே, ஒரே முகப்பு, ஒரே வளவு உள்ள வீட்டை நீதிமன்றம் அனுப்பும் கமிஷனர் வந்து எப்படி அளந்து பிரிப்பார்? பிரிக்க முடியாது என்றால், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டு ஏலத்துக்கு விடச் சொல்லலாம், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம். அப்படிக் கேட்டால் மற்றவர் மதிப்புப் போட்டு அந்தப் பங்கை வாங்கலாம். ஆச்சியிடம் விலை பேசுங்கள்.

கேட்டவர்:
பேசலாம். ஆனால் பட்டாசாலை (கூடம்) தேக்குத் தூணுக்கு அண்ணன் பழம்பொருள் கடையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்!

பதில் 1:
அப்படியா? அப்பீலை விடுங்கள், தூணை விற்காமலிருக்க நாளைக்கே இடைக்காலத் தடைக்கு மனுப் போடுங்கள்.