‘கிராஸ் வென்டிலேஷன்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். பள்ளிக் கட்டட வரலாறு பற்றிய பாடநூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அறையின் ஒருபுறம் நுழையும் காற்று மறுபுறம் வெளியேறுவதைச் சொல்லும் ‘கிராஸ் வென்டிலேஷன்’ 40 இடங்களில் வருகிறது. ‘குறுக்குக் காற்றோட்டம்’ என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் நடுக்கூடத்தைச் சுற்றி வகுப்பறைகள் கட்டினார்கள். ஒரு பக்கம்தான் வெளிச்சுவர். உள்ளே வந்த காற்று போக வழியில்லை. பின்னர் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஜார்ஜ் விடோஸ் போன்ற கட்டடக் கலைஞர்கள் அறைகளை வரிசையாகப் பிரித்து, இருபுறமும் சன்னல் வைத்தார்கள். வழிவிட்டதுதான் இங்கே செய்தி. ‘குறுக்கே’ என்றால் மறிப்பது போல இல்லையா?

———

> குறுக்கே என்றால் மறிப்பது போல

சரியாகக் கேட்டீர்கள். நம்மிடம் சொல் இல்லாமலா? சிலம்பில் ‘காலதர்’ உண்டு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நெடுநல்வாடையில் ‘வேனிற் பள்ளித் தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை’ வருகிறது. கட்டளை இங்கே தென்றலைத் தரும் சாளரம், நேர்வாய் என்றால் நேரான திறப்பு. ‘நேர்வாய்க் காற்று’ என்றே வைக்கலாம். அந்த அடியில் ‘பள்ளி’ என்பது படுக்கும் இடம். துறவியர் தங்கிய பள்ளியில் பாடம் நடந்து, அப்புறம் கல்விக்கூடத்துக்கே அது பெயரானது.

———

ஐயா, பள்ளியின் கதை அருமை. ஆனால் கட்டடம் கட்டுகிறவன் என்ற முறையில் ‘நேர்வாய்’ எனக்கு உதைக்கிறது. காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடும், மறுபுறம் குறையும். அந்த வேறுபாடுதான் காற்றை இழுக்கிறது. திறப்புகள் நேருக்கு நேர் இருக்க வேண்டியதில்லை. நேராக இருந்தால் காற்று நடுவே ஓடிப்போய்விடும், மூலையில் உட்கார்ந்த பிள்ளைக்குப் புழுக்கம் தீராது. சற்று விலக்கி வைத்தால்தான் அறை முழுக்கச் சுழலும். சொல்லே தவறாக வரையச் சொல்லக் கூடாது.

‘ஊடுகாற்று’ எப்படி? நெசவில் ஊடும் பாவும் என்கிறோமே, பாவைக் கடந்து போகும் இழைதான் ஊடு. ‘கிராஸ்’ அதிலேயே இருக்கிறது.

———

ஊடு என்றதும் ஊடல்தான் நினைவுக்கு வருகிறது. பிணங்குவது எங்கே, கடந்து போவது எங்கே? இரண்டும் ஒரே வேரா என்று யாராவது சொல்லுங்கள்.

———

வேரை அப்புறம் தோண்டலாம். நான் வகுப்பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். ‘குறுக்குக் காற்றோட்டம்’ என்றதும் ஒரு மாணவி எழுந்து அறைக்குக் குறுக்கே கையை வீசிக் காட்டினாள். ‘ஊடுகாற்று’க்கு விளக்கம் கேட்டார்கள். ‘நேர்வாய்’ யாருக்கும் எட்டவில்லை. குறுக்குத்தெரு யாரை மறிக்கிறது?

———

இன்னொன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோவின் காண்டோ ஊரில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே 2001இல் முடித்த பள்ளியில், களிமண் செங்கல் கூரைக்கு மேலே தகரக் கூரையைத் தூக்கி வைத்திருக்கிறார். சூடேறிய காற்று மேலெழுந்து அந்த இடைவெளி வழியாகப் போகிறது. அது ‘குறுக்கு’ ஆகாது. அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

———

அது 7ஆம் இயலில் வருகிறது, தனி மடல் போடுகிறேன். இப்போதைக்கு மாணவர்களுக்கு உடனே புரிந்தது ‘குறுக்குக் காற்றோட்டம்’தான். அதையே வைக்கிறேன், சொல்லடைவில் ‘ஊடுகாற்று’ம் இருக்கும்.

———

எனக்கு உடன்பாடில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் காற்றுக்காக விடும் திறப்பான வென்டிலேட்டருக்காவது ‘காலதர்’ போடுங்கள் தம்பி.