புரதம் நிறைய உருவாகிறது, ஆனால் எல்லாம் வீழ்படிவிலேயே தங்கிவிடுகிறது: வழி சொல்லுங்கள்

பாளை மாணவி

வணக்கம். பாளையங்கோட்டையில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களக்காட்டு ஏத்தன் பழத்திலிருந்து தௌமாட்டின் என்னும் இனிப்புப் புரதத்தைப் போன்ற புரதம் ஒன்றின் மரபணுவை முழுதாகப் படியெடுத்து, பெட் 28ஏ பிளாஸ்மிட்டில் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) சேர்த்து, ஈ.கோலை பாக்டீரியாவின் பி.எல்.21 டி.இ.3 வகைக்குள் ஏற்றியிருக்கிறேன். வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையை இந்தப் புரதம் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் குலை தள்ளும் நேரத்தில் இலை மஞ்சளாகி மடிந்து தொங்கியதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்து, ஒளியடர்த்தி 0.6 வந்ததும் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யை 1 மில்லிமோலார் அளவில் சேர்த்து நான்கு மணி நேரம் வைக்கிறேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 26 கிலோடால்டன் எடை அருகே தடித்த பட்டை வருகிறது. ஆனால் செல்களை சோனிக்கேட்டரில் (ஒலியலைக் கருவி) உடைத்துச் சுழற்றினால் மேல்நீரில் ஒன்றுமே இல்லை, எல்லாம் அடியில். அந்த வீழ்படிவு சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, குழாயின் ஓரத்தில் இறுகி ஒட்டியிருக்கிறது. பைப்பெட் முனையால் கிளறினால் சிறு சிறு துண்டாகப் பெயர்கிறதே தவிரக் கரைவதில்லை.

ஐ.பி.டி.ஜி.யை 0.5 ஆக்கினேன், 0.1 ஆக்கினேன். பட்டை மெலிந்ததே ஒழிய இடம் மாறவில்லை. எங்கள் ஷேக்கரில் குளிரூட்டும் வசதி கிடையாது, சித்திரை வெயிலில் ஆய்வக அறையே 35 டிகிரியைத் தாண்டுகிறது. இரண்டு மாதம் போய்விட்டது, ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பேட்டைத் தம்பி

அக்கா, வாழை மரபணு என்பதால் ஈ.கோலையில் அரிதான கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) இருக்கலாம். ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. போன்ற கோடான்களுக்கு உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டி.ஆர்.என்.ஏ. அதில் குறைவு. அவை கூடுதலாக உள்ள ரொசெட்டா வகையில் ஏற்றிப் பாருங்கள்.

அம்பை அக்கா

தம்பி சொல்வது நல்ல சந்தேகம்தான், ஆனால் இங்கே பொருந்தவில்லை. கோடான் தட்டுப்பாடு என்றால் பட்டையே வராது, அல்லது பாதியில் அறுந்த சிறிய பட்டைகள் தெரியும். இவருக்கு முழு நீளத்தில் தடித்த பட்டை வருகிறது. ஆக, புரதம் கோக்கப்படுவதில் குறை இல்லை, கோத்த பிறகு நடக்க வேண்டியதுதான் நடக்கவில்லை.

மாணவிக்கு இரண்டு கேள்வி. புரதத்தின் முதல் 30 அமினோ அமிலங்கள் எவை, மொத்தம் எத்தனை சிஸ்டீன்? செல்லை உடைக்கும் கரைசலில் என்னென்ன சேர்க்கிறீர்கள்?

பாளை மாணவி

முதல் மெத்தியோனினுக்குப் பிறகு லூசின், அலனின், வேலின், ஃபினைல்அலனின் என்று நீரை வெறுப்பவைதான் வரிசையாக நிற்கின்றன. 24ஆவது அலனின். மொத்தம் 16 சிஸ்டீன். கரைசலில் 5 மில்லிமோலார் பீட்டா மெர்காப்டோஎத்தனால் சேர்க்கிறேன், மூத்த மாணவர்கள் எழுதிவைத்த குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

அம்பை அக்கா

இப்போது விளங்குகிறது. நிதானமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த முதல் 24 அமினோ அமிலங்கள் பழத்தில் வேலை செய்யும் புரதத்தில் இருப்பதே இல்லை. அவை சமிக்ஞைத் தொடர். வாழையின் செல்லில் ரைபோசோமிலிருந்து இந்த முனை வெளியே வரும்போதே அது அடையாளம் காணப்பட்டு, புரதம் எண்டோபிளாச வலைக்குள் செலுத்தப்படுகிறது. உள்ளே போகும்போதே சமிக்ஞைத் தொடரை ஒரு நொதி நறுக்கிவிடும். நீங்கள் முழு மரபணுவையும் எடுத்ததால் அந்த நீரை வெறுக்கும் முனையும் சேர்ந்தே வந்துவிட்டது. அதற்கு முன்னால் பிளாஸ்மிட்டின் ஹிஸ்டிடின் வால் வேறு ஒட்டியிருப்பதால் ஈ.கோலையும் அதை முறையாக வெட்டுவதற்கு வழியில்லை. ஒட்டும் தன்மையுள்ள அந்த முனைகள் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகின்றன.

அடுத்தது அந்த 16 சிஸ்டீன். தௌமாட்டின் குடும்பத்தின் அடையாளமே இந்த 16 சிஸ்டீன்கள் எட்டு டைசல்பைடு பாலங்களாக (இரு சிஸ்டீன்களின் கந்தகங்களை இணைக்கும் பிணைப்பு) கோத்துக்கொள்வதுதான். மேற்கு ஆப்பிரிக்கச் செடியில் கிடைக்கும் இனிப்புப் புரதமான தௌமாட்டினில் 207 அமினோ அமிலங்கள், அதே எட்டுப் பாலங்கள். தாவரத்தில் இந்தப் பாலங்கள் எண்டோபிளாச வலைக்குள் போடப்படுகின்றன, தவறாகப் போட்டதைப் பிரித்து மறுபடி கோக்கவும் அங்கே நொதி உண்டு. ஈ.கோலையின் சைட்டோபிளாசத்திலோ தயோரெடாக்சினும் குளுட்டாதயோனும் சிஸ்டீன்களை ஓயாமல் ஒடுக்கிக்கொண்டே (எலெக்ட்ரான் கொடுத்துப் பிணைப்பைப் பிரித்துக்கொண்டே) இருக்கின்றன. பாலம் நிற்கவே நிற்காது. போதாக்குறைக்கு நீங்கள் ஊற்றும் மெர்காப்டோஎத்தனாலும் பாலத்தை உடைக்கும் பொருள்தான். குறிப்பேட்டை எழுதியவரின் புரதத்துக்கு அது தேவைப்பட்டிருக்கும், உங்களுடையதற்கு அது பகை.

மூன்றாவது வேகம். 37 டிகிரியில் ஈ.கோலை ரைபோசோம் நொடிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். கால் நிமிடத்துக்குள் ஒரு புரதம் முடிந்துவிடுகிறது. மரபணுவைப் படியெடுக்கும் டி7 பாலிமரேஸ் நொதி ஆர்.என்.ஏ.வை அள்ளிக் கொட்டுவதால் அப்படி ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. அறுப்பு நாளில் களத்தில் நாலே ஆள் நிற்க, இருபது வண்டிக் கதிரை ஒரே மூச்சில் இறக்கினால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் குழாயின் அடியில் இருக்கிறது. புரதங்களை மடித்துவிட உதவும் துணைப் புரதங்கள் ஈ.கோலையிலும் உண்டு, ஆனால் அவற்றின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருக்கிறது.

ஆகவே ஐ.பி.டி.ஜி.யை மட்டும் குறைத்துப் பயனில்லை. 25ஆவது அமினோ அமிலத்தில் தொடங்கும் புது பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) போட்டு மரபணுவைத் திரும்ப எடுங்கள். தொடக்க மெத்தியோனின் பிளாஸ்மிட்டிலேயே இருக்கிறது. ஷஃபிள் வகை ஈ.கோலையை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். ஒடுக்கும் பாதைகள் இரண்டும் அதில் முடக்கப்பட்டு, பாலங்களைத் திருத்தும் டி.எஸ்.பி.சி. நொதியும் சைட்டோபிளாசத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அது 30 டிகிரியில் வளர்வது, வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பதற்றப்படாதீர்கள். ஒரிகாமி பி இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது தானாகவே கனமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும். உங்கள் பிளாஸ்மிட்டும் கனமைசின் தாங்குவதுதான் என்பதால் பிளாஸ்மிட் உள்ளே ஏறியதா என்று பிரித்தறியவே முடியாது.

மேலப்பாளையம் வாசகர்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? வீழ்படிவை 8 மோலார் யூரியாவில் கரைத்து, ஹிஸ்டிடின் வாலைப் பற்றும் நிக்கல் பத்தியில் பிடித்து, ஓரிரவு டயாலிசிஸ் (சவ்வுப் பையில் கரைசலை மாற்றுதல்) செய்தால் புரதம் தானே மடிந்துகொள்ளாதா? ஆன்ஃபின்சன் அதற்குத்தானே 1972இல் நோபல் பரிசு வாங்கினார்?

அம்பை அக்கா

அவர் எடுத்துக்கொண்ட ரைபோநியூக்ளியேஸில் 8 சிஸ்டீன்கள். அவை இரண்டிரண்டாகச் சேர 105 வழிகள், சரியானது ஒன்றுதான். இங்கே 16 சிஸ்டீன்கள், வழிகள் 20,27,025. செய்யவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஒடுக்கிய குளுட்டாதயோனும் ஆக்சிஜனேற்றிய குளுட்டாதயோனும் கலந்த கரைசலில், 4 டிகிரியில், மிகவும் நீர்த்த நிலையில், நாள்கணக்கில் பொறுத்துச் செய்ய வேண்டும். கையில் இரண்டே மாதம் வைத்திருக்கும் பெண்ணுக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன்.

யூரியாவைத் தொடுவதாக இருந்தால் அன்றன்று கரையுங்கள், சூடாக்கிக் கரைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் நாள்பட வைத்த யூரியாக் கரைசலில் சயனேட் உருவாகிப் புரதத்தையே மாற்றிவிடும்.

ஜங்ஷன் அண்ணாச்சி

முப்பது வருடம் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தவன். குளிர்ச்சிக்கு வழி சொல்கிறேன், அம்மா. ஷேக்கரில் குளிரூட்டி இல்லாவிட்டால் ஷேக்கரையே குளிரான அறைக்குக் கொண்டுபோங்கள். கணினி அறையிலோ கருவி அறையிலோ ஏ.சி. இரவும் ஓடும். 20 டிகிரியில் வைத்து, சிறிய ஷேக்கரை மூலையில் போட்டு, இரவு முழுக்க ஓட்டலாம். முன்அனுமதி எழுதி வாங்கி, கதவில் தாள் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் காவலாளி இரவில் நிறுத்திவிடுவார், எனக்கு நடந்திருக்கிறது. ஐ.பி.டி.ஜி. சேர்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே குடுவையை அந்த அறைக்கு மாற்றுங்கள். சூடான குடுவையில் சேர்த்துவிட்டு அப்புறம் குளிர வைத்தால் பலன் பாதிதான்.

சோனிக்கேட்டர் முனை நீர்மட்டத்துக்குக் கீழே நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். நுரை தள்ளினால் புரதம் கெட்டது என்று வையுங்கள். பத்து நொடி ஓட்டி இருபது நொடி விடுங்கள், குழாயைச் சுற்றி ஐஸ் இருக்கட்டும்.

களக்காடு வாழைக்காரர்

எனக்கு இந்த ஆய்வக விஷயம் தெரியாது. இந்தப் புரதத்தைத் தெளித்தால் வாடல் நோய் நிற்குமா? எப்போது கிடைக்கும்?

அம்பை அக்கா

ஐயா, இது தட்டில் பூஞ்சை வளர்கிறதா நிற்கிறதா என்று பார்க்கும் முதல் படிதான், தெளிக்கும் மருந்து இல்லை. அந்தப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது நோயில்லாத தோட்டத்தில் கன்று எடுப்பதும், நோய் கண்ட வாழையைக் கிழங்கோடு தோண்டி அகற்றுவதும், அந்த வயலின் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாயாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

பாளை மாணவி (ஐந்து வாரம் கழித்து)

அக்கா, அண்ணாச்சி, மேல்நீரில் பட்டை வந்துவிட்டது! புது பிரைமர், ஷஃபிள், 0.1 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி., ஏ.சி. அறையில் 20 டிகிரி, ஓரிரவு. மெர்காப்டோஎத்தனாலை நிறுத்திவிட்டேன். எதிர்பார்த்தபடி 24 கிலோடால்டன் அருகே இருக்கிறது. முன்பு வீழ்படிவில் வந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இராது, பாதிக்கு மேல் இன்னமும் அடியில்தான் போகிறது. ஆனாலும் நிக்கல் பத்தியில் பிடித்தது.

ஒரே மாதிரியை ஒடுக்கியும் ஒடுக்காமலும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினேன். ஒடுக்காதது கொஞ்சம் கீழே, மெல்லிய ஒற்றைக் கோடாக நிற்கிறது. பாலங்கள் இருக்கின்றன என்று இதை வைத்துச் சொல்லலாமா? தட்டுச் சோதனைக்கு, கொதிக்கவைத்த புரதத்தை ஒப்பீடாக வைக்க நினைக்கிறேன்.

அம்பை அக்கா

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆம், பாலங்களால் இறுக்கிக் கட்டப்பட்ட புரதம் ஜெல்லில் விரைவாக இறங்கும். பரவிய பல பட்டைகளாக இல்லாமல் ஒற்றைக் கோடாக நிற்பது இன்னும் நல்ல செய்தி. எட்டும் சரியாகப் பொருந்தினவா என்பதைப் பூஞ்சைதான் சொல்ல வேண்டும்.

கொதிக்கவைத்ததை மட்டும் நம்பாதீர்கள். எட்டுப் பாலம் போட்ட புரதம் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு வேலை செய்யக்கூடும், அப்போது ஒப்பீடே உங்களைக் குழப்பிவிடும். அதே அளவு மாட்டுச் சீரம் அல்புமின் இட்ட தட்டு ஒன்று, உங்கள் கரைசல் மட்டும் இட்ட தட்டு ஒன்று வையுங்கள். புரதத்தை நிக்கல் பத்தியிலிருந்து விடுவிக்கச் சேர்த்த இமிடசோலை டயாலிசிஸ் செய்து முழுக்க நீக்கிய பிறகே பூஞ்சைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் பூஞ்சையைத் தடுத்தது புரதமா இமிடசோலா என்று தேர்வாளர் கேட்கும்போது பதில் இருக்காது.

பாளை மாணவி

டயாலிசிஸ் பையை இப்போதுதான் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் கரைசலை மாற்றுகிறேன், தட்டுகளை வெள்ளிக்கிழமை வைக்கிறேன்.